மாடியில் ஏறிய ஜப்பான் மீன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் டி.வி.யில் ஜப்பான் ஊர் ஒன்றின் திருவிழா. ஆற்றின் மேல் வரிசையாகத் துணி மீன்கள்! காற்று வாய்க்குள் புகுந்ததும் நீந்துகின்றன. பேத்தி கைதட்டினாள். நான் டி.வி.யை அணைக்கச் சொன்னேன். துணி மீனுக்கு யாராவது பயப்படுவார்களா?

அப்பா, ஜப்பானுக்குப் பஞ்சு ஏற்றிப்போன கப்பலில் சமையல்காரர். சண்டைக்கு முன்பே அப்படி ஒரு மீன் வாங்கி வந்தார் — சிவப்பு, ஆள் நீளம். அங்கே ஆண்பிள்ளை உள்ள வீட்டில் வருஷா வருஷம் கம்பத்தில் ஏற்றுவார்களாம். எங்கள் வீட்டில் மூன்றும் பெண். மீன் பெட்டியிலேயே கிடந்தது.

நாற்பத்திரண்டில் தம்பி பிறந்தான். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டிருந்த சமயம். தூத்துக்குடியில் பலர் வண்டி கட்டிக் கடற்கரையை விட்டுத் தள்ளியிருந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஞானஸ்நானத்தன்று அம்மா சொன்னாள்: "கொடி ஏத்தாம கோயில்ல திருநா உண்டா? நம்ம வீட்டுலயும் ஏத்துங்க."

அப்பா மாடியில் மீனை ஏற்றிவிட்டார்! எதிரி நாட்டுச் சாமான் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பிள்ளை பிறந்த சந்தோஷம்...

பக்கத்து வீட்டுக் கித்தேரி அக்கா தெருவில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்: "ஏலே சூசை, குண்டு போட வாரவனுக்கு வழி காட்டுதியா?"

அதைக் கேட்டு வார்டன் வந்துவிட்டார் — விமானத் தாக்குதலுக்காக எங்கள் பகுதிக்குப் புதிதாகப் போட்டவர். உளவாளி என்று சந்தேகப்பட்டால் போலீஸில் ஒப்படைப்பார்.

"ஞானஸ்நானக் கொடி, அண்ணாச்சி," என்றார் அப்பா. குரல் அவருடையதாகவே இல்லை.

"நம்மூருத் தையல் இல்லையே இது?" வார்டன் என் பக்கம் குனிந்தார். "ஏளா, நீ சொல்லு. உங்கப்பா இத எங்கன வாங்குனாரு?"

பொய் சொன்னால், கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மை கிடையாது என்று சாமியார் சொல்லியிருந்தார். உண்மை சொன்னால் அப்பா கிடையாது. எட்டு வயதில் என்ன செய்வது? வாயைத் திறந்தேன்... சத்தமே வரவில்லை. காலோடு ஈரம் இறங்கியது.

"அவ ஊமைப் பிள்ள, அண்ணாச்சி," என்றாள் அம்மா. கண்கூடச் சிமிட்டவில்லை.

வார்டன் முகம் இளகியது. "மொதல்ல அத இறக்கி அடுப்புல போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீன் எரிந்தது. அப்பா பிழைத்தார். ஆனால் வார்டன் தினமும் எங்கள் தெருவில்தானே ரோந்து? சண்டை முடியும்வரை வெளியில் நான் ஊமை. பிறகு "பேசுளா, பேசு" என்றார்கள். பேச்சு பாதிதான் திரும்பி வந்தது. பயம் போனாலும் பழக்கம் போகிறதா என்ன?

அந்த மீனை ஏற்றுவது சித்திரையிலா, வைகாசியிலா? அப்பா சொன்னது மறந்துவிட்டது. ஜப்பான் போய்வந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதுங்கள்.

இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி நான் வாய் திறந்து கேட்பது இப்போதுதான்.