எல்லைக்கல்லின் மேல் ஒரு ஸ்பிரிங்

யுத்த காலம். நெல் கதிர் விடும் நேரம் பார்த்து என் ஆயில் இன்ஜின் நின்றுவிட்டது. எண்ணெய் பம்புக்குள் இருந்த விரல் நீள ஸ்பிரிங் ஒடிந்திருந்தது.

"ஸ்பிரிங் தனியா வராதுங்க. முழு பம்புதான். அதுவும் கப்பல் வந்தாத்தான்" என்றார் விழுப்புரம் கடைக்காரர், பல் குத்திக்கொண்டே.

"அதுவரைக்கும் பயிரு காத்துக்கினு இருக்குமா?" என்று கத்திவிட்டு வந்தேன்.

திண்டிவனம் கோர்ட்டில் என்மேல் எல்லை வழக்குப் போட்டிருந்த பக்கத்து நிலத்துக்காரரிடமும் அதே இன்ஜின்தான். அது தடதடவென்று ஓடும் சத்தம் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. அவரிடம் போய் நிற்பதைவிட, பயிர் கருகட்டும் என்றிருந்தேன்.

மறுநாள் அந்தச் சத்தம் நின்றது. தன் இன்ஜின் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு அவரே வந்தார்.

"யோவ், உன் மூஞ்சிக்காக இல்ல. கருகற பயிர பார்த்துக்கினு எனக்குச் சோறு எறங்கல. மொறத் தண்ணி மாதிரி வெச்சிக்கலாம். மத்தியானம் வரைக்கும் நீ ஓட்டு, அப்பால நான்."

எல்லைக்கல்லின் மேல் அதை வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அதை எடுத்துப்போய் என் இன்ஜினில் மாட்டினேன்.

அறுவடை வரை அந்தக் கல்லின்மேல்தான் ஸ்பிரிங் கைமாறியது. நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வழக்கும் நிற்கவில்லை. வாய்தா நாளில்கூட, அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் புறப்படுமுன், ஸ்பிரிங்கைத் துடைத்துக் கல்லில் வைத்துவிட்டுத்தான் போனேன்.