மெழுகுத் தொட்டில் போன வழி

முந்தல் சந்தியில் "சும்மா" என்ற சொல்லுக்கு ஒரு சதத்துக்கும் மதிப்பில்லை. சும்மா போகிறேன் என்று ஒருவர் சொன்னால், எதையோ மறைக்கிறார் என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில், வருஷத்துக்கொரு தடவை, உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு, தென்னந்தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் பஸ்தியான் தன் பெண்சாதி அனஸ்தாசியாவைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு புத்தளம் ரோட்டில் புறப்படுவார். சனம் விடுமா?

"யாருக்கு நேர்ச்சை, அக்கா?" என்று கடை வாசலில் நின்று கத்தரினா கேட்பாள்.

"நேர்ச்சை ஒண்டும் இல்ல. சும்மாதான்."

"ஓமோம். நேர்ச்சைய வெளிய சொல்லப்படாதுதானே!" என்று கண்ணைச் சிமிட்டுவாள் அந்தக் கள்ளி.

ஊர்ச் சனத்தின் மேல் பிழை சொல்ல ஏலாது. வெள்ளைக்காரத் துரைமாரை விட்டால், அந்தக் காலத்தில் யார் சும்மா ஊர் சுற்றினார்கள்? கோயில் திருநாள், கலியாணம், செத்த வீடு, ஆசுபத்திரி. இதை விட்டால் வீட்டுப் படி இறங்க என்ன காரணம்? அதிலும் பிள்ளையில்லாத ஒரு சோடி கற்பிட்டிப் பக்கம் போனால், தலவிலக் கோயிலில் புனித அன்னம்மாவிடம் பிள்ளை கேட்கத்தான் போகிறது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

கேட்கத்தான் போனார்கள், ஒரு காலத்தில். அனஸ்தாசியா முழங்காலில் போகாத கோயில் இல்லை. மடு, தலவில என்று வெயிலென்றும் மழையென்றும் பாராமல் போனாள். உப்பில்லாமல் சாப்பிட்டாள். ஊர்ப் பெண்கள் சொன்ன கசாயமெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். கடைசியில் ஒரு திருநாளன்று கோயில் மணலில் அப்படியே குந்திவிட்டாள்.

"எனக்கு ஏலாது. இனி ஒரு அர்ச்சியசிட்டரிட்டயும் பிள்ளை கேக்க வரமாட்டன். தர விருப்பமெண்டா வீட்டுக்குக் கொண்டுவந்து தரட்டும்."

பஸ்தியான் அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "சரி. இனி கேக்கப் போகத் தேவல்ல, பாக்கப் போவம்" என்றார்.

அன்று தொடங்கியதுதான் இந்தச் சவாரி. புத்தளம் வரைக்கும் சைக்கிள். அங்கிருந்து சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு களப்பு வழியே முத்தலிபு நானாவின் பாய் வள்ளம். கற்பிட்டியில் பயணிகள் தங்கும் வாடிவீட்டில் இரண்டு இரவு. பாலாவி தாண்டும்போதே அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டில் மாமியார், கொழுந்தன்மார், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு பட்டாளத்துக்கு அவள்தான் அடுப்பு மூட்ட வேண்டும். வாடிவீட்டில் சாய்கதிரையில் கிடக்க, வேறொருவர் ஊற்றிய தேத்தண்ணி கைக்கு வரும். அதை நினைத்துக்கொண்டுதான் மிச்ச வருஷத்தை அவள் இழுத்து முடித்தாள்.

உலக யுத்தத்துக்கு முந்தின வருஷம் அவளிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. மாதக் குளிப்பு நின்று பல மாதமாகியிருந்தது. மருத்துவிச்சி பவுலினா வயிற்றை அமுக்கிப் பார்த்து, "பிள்ளை இல்ல மகள். உன்ட காலம் முடிஞ்சுது" என்று சொல்லியிருந்தாள். அழவேண்டும் போலத்தான் இருந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது. கூடவே, சொன்னால் பாவமோ என்னவோ, உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. வாடிவீட்டில் ஆறுதலாக இருக்கும்போது அவரிடம் சொல்லுவம் என்று நினைத்துக்கொண்டாள்.

புத்தளம் துறையில் பஸ்தியான் பாண் வாங்கப் போய்விட்டார். முத்தலிபு சைக்கிளை வள்ளத்தில் கிடத்திக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, இந்த மொற தொட்டில் தரல்லியா?"

"எந்தத் தொட்டில், நானா?"

"மெழுகுத் தொட்டில்தான். வருஷா வருஷம் உங்கட மாப்புள என்ட கையில தருவாரே, தலவில கோயில்ல வெக்கச் சொல்லி. அல்லாஹ் மேல ஆணை, ஒண்டுகூட ஒடையாம கொண்டுபோய் வெச்சன்."

மனுஷன் நல்ல மனத்தோடுதான் சொன்னார். பிள்ளை கேட்டுத்தான் கோயிலில் மெழுகுத் தொட்டில் வைப்பார்கள் என்று அனஸ்தாசியாவுக்குத் தெரியாதா? அவளே எத்தனை வைத்திருக்கிறாள்! "மறந்திருப்பாரு" என்று மட்டும் சொன்னாள்.

வள்ளம் போய்க்கொண்டிருந்தது. "அந்தா, உச்சமுனைத் தீவு!" என்று பஸ்தியான் வழக்கம்போலக் கைகாட்டினார். அவள் ஓம் என்றாள். எதையும் பார்க்கவில்லை. பாக்கப் போவம் என்றாரே, பாவி! அவளைப் பார்க்கவைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டல்லவா வந்திருக்கிறார்!

பொழுதுபடும் நேரம், வாடிவீட்டு அறையில் வைத்துக் கேட்டாள். "இந்த வருஷத் தொட்டில் எங்க?"

பஸ்தியானுக்கு முகம் செத்துப்போனது. "பைக்குள்ள" என்றார். பிறகு, "உன்னக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகல்லத்தானே? முழங்கால்ல நிக்க வெக்கல்லத்தானே?" என்றார். இதுவும் ஒரு நியாயம்!

"அதுக்கு இனி வேலை இல்ல. எனக்கு நிண்டுபோச்சு. பவுலினாக்கா பாத்துச் சொல்லிட்டா."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். எப்ப நின்றது, உனக்கு எப்படி இருக்குது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த சோறும் ஆறிப்போனது.

விடிந்ததும் அவள் விறாந்தைக்கு வந்து சாய்கதிரையில் சாய்ந்தாள். பஸ்தியான் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிக்கிடு, அனஸ்தா. போவம்."

"இன்னும் ஒரு நாள் இருக்குதே."

"இனி எதுக்கு?"

பிள்ளை இல்லை என்று மருத்துவிச்சி சொன்னபோது வராத அழுகை, இந்த ஒரு சொல்லுக்கு வந்தது. வெயிலில் இடுப்பொடிய உட்கார்ந்து வந்த வழியெல்லாம், அவர் காட்டிய தீவெல்லாம், குடித்த தேத்தண்ணியெல்லாம் வராத ஒரு பிள்ளைக்காகவா? அவளுக்கென்று ஒரு மைல்கூட அவர் மிதிக்கவில்லையா?

"நீங்க போங்க. நான் நாளைக்கு முத்தலிபு நானாட வள்ளத்தில வாறன்."

"தனியவா? சனம் என்ன சொல்லும்?"

"இவ்வளவு வருஷமும் நான் தனியத்தான் வந்திருக்கன். எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

பஸ்தியான் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். வாடிவீட்டுச் சமையற்காரர் றவூப் எட்டிப் பார்த்து, "பகல் சாப்பாடு எத்தன பேருக்கு?" என்றார்.

"அவரிட்டக் கேளுங்க" என்று அனஸ்தாசியா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் போகட்டும், இருக்கட்டும், அவளுக்கு இழுத்துப் பிடிக்கத் தெம்பில்லை.

சமையற்காரர் இன்னொருமுறை கேட்க வேண்டியிருந்தது.

"ரெண்டு பேருக்கு" என்றார் பஸ்தியான்.

சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகுதான் கேட்டார்.

"உனக்கு உடம்பு நோகுதா?"

"ஓம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "நல்லா நோகுது."