பதினான்கு பட்டன்களும் ஒரு ஃபோல்டரும்

டெவலப்பர்களுக்குக் கருவி செய்து கொடுப்பது சமையல்காரர்களுக்கு விருந்து வைப்பது மாதிரி: முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள், இலையில் கை வைக்கவும் மாட்டார்கள். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த ஒன்றை யாரும் திறந்துகூடப் பார்க்காத அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வாருங்கள், சேர்ந்தே நொந்துகொள்வோம்.

தேனியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். திராட்சை, வாழை மண்டிகளுக்கான மென்பொருள் எங்களுடையது. அதை மண்டிக்கு மண்டி திருத்தி அனுப்புவது கம்பம் கிளை டெவலப்பர்கள். அவர்களுக்கு உதவ ஒரு கருவி செய்வதுதான் என் புரொபேஷன் வேலை. புரொபேஷன் முடியும் மாதக் கடைசிக்குள் கிளையில் அதைப் பயன்படுத்தத் தொடங்கினால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை கிடைத்துவிட்டது என்று எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி முழுக்க அம்மா ஏற்கெனவே கேசரி கொடுத்தாயிற்று.

பெயர் வைத்தோம்

கருவி பாதிகூட முடியவில்லை. பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. கேட்டதும் அதிர வேண்டும் என்றார் முதலாளி. 'கருடன்' பழசாகத் தெரிகிறது என்று போனது. 'சூறாவளி' என்றால் வாழைக்காரர்கள் வயிறெரிவார்கள் என்று அதுவும் போனது. கடைசியில் 'வஜ்ராயுதம் புரோ' என்று முடிவாகி, கேக் வெட்டினோம். அது என்ன செய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் பயத்தில் சொல்லவில்லை. கேக்கைத் தின்றுகொண்டே டிசைனர் செல்வம் அண்ணன் மட்டும் கேட்டார்: “பேரு வச்சு, காதும் குத்தியாச்சு. பிள்ளை எப்பம்மா பிறக்கும்?”

நல்லாருக்கு

பதினான்கு பட்டன்கள் வைத்தேன். ஒன்று குறைந்தாலும் நான் உழைக்கவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். எல்லாவற்றுக்கும் கல்லூரிப் பாடப்புத்தக வாடையோடு பெயர்.

அனுப்பி இரண்டு வாரம் ஆயிற்று. ஒருவர்கூடத் திறக்கவில்லை என்று என் திரை காட்டியது. கம்பம் கிளையின் மூத்த டெவலப்பர் ஜெபா அக்காவுக்குப் போன் செய்தேன். வேலையில் கெட்டி, யார் மனசும் நோகப் பேசத் தெரியாதவர். கருவி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ரொம்ப நல்லாருக்கு ஆத்தா. கெட்டுப்போயிரக் கூடாதுன்னு யாரையும் தொடவே விடல.”

தொடாதீக

பஸ் ஏறிக் கம்பத்துக்கே போனேன். காலை எடை போடும் நேரம். அக்கா அப்போதுதான் அனுப்பிய அப்டேட்டில் ஒரு மண்டியின் எடைச்சீட்டு அச்சாவது நின்றுவிட்டது. அங்கே திராட்சைப் பெட்டிகளோடு வரிசை நிற்கிறது; மண்டிக்காரர் போனில் கத்துகிறார். அக்கா பதறவில்லை. ஒரு ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே 'நல்லா ஓடுனது', 'பன்னீர் திராட்சை சீசன்ல ஓடுனது', 'மண்டிக்காரர் திட்டாதது', 'இதத் தொடாதீக' என்று வரிசையாக இருந்தன. அப்டேட் அனுப்பும் முன் பழையதைப் பிரதி எடுத்து இப்படிப் பெயர் வைப்பது அந்தக் கிளையின் வழக்கமாம். கடைசியில் இருந்த பிரதியை எடுத்துப் புது அப்டேட்டின் மேல் ஒட்டினார். சீட்டு வந்துவிட்டது.

“அக்கா, இத என் கருவியே செய்யுமே! ஒன்பதாவது பட்டன், 'முந்தைநிலை மீட்பு ஒருங்கிணைப்பி'” என்றேன். எனக்கே குரல் இறங்கிப்போனது. அக்கா அன்றுதான் முதன்முறையாக என்னிடம் உண்மை பேசினார்: “அந்தாளு அங்கன கத்தையில, நான் இங்கன அகராதியா பொரட்டுறது?”

பழையபடி ஆக்கு

பதின்மூன்று பட்டன்களைத் தூக்கினேன். பிரதியைக் கருவியே எடுத்துக்கொள்ளும். மிச்சமிருந்த பட்டனுக்கும் கருவிக்கும் ஒரே பெயர், 'பழையபடி ஆக்கு'. மாதக் கடைசிக்குள் கிளையில் நான்கு பேரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

முதலாளி திரையை மேலும் கீழும் தேடினார். “மத்த பட்டன் எங்கம்மா? இது யாரு யோசனை?” என்றார். என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. “ஜெபா அக்காவோடது சார். அவுக ஃபோல்டரப் பாத்துத்தான் செஞ்சேன்” என்றேன். சிரித்தபடியே என் புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்: “உனக்குன்னு ஒரு யோசனை வரட்டும்மா, அன்னைக்கு நிரந்தரம் பண்ணிருவோம்.”

ஆக, கருவி கம்பத்தில் நிரந்தரமாகிவிட்டது, செய்த நான் இன்னும் சோதனை ஓட்டத்தில் இருக்கிறேன், அனுமந்தன்பட்டியில் கொடுத்த கேசரியைத்தான் எந்தப் பட்டனாலும் பழையபடி ஆக்க முடியவில்லை.