பூவுக்கென்று வைத்த மரம்

நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நெல் மூட்டை தூக்கித்தான் ஆரம்பித்தேன். இன்றைக்குக் கும்பகோணம் ரோட்டில் ரைஸ் மில் எது என்று கேட்டால் என்னுடையதைத்தான் கை காட்டுவார்கள். ஈரப்பதம் பார்க்க மிஷின் வாங்கிவிட்டேன். ஆனாலும் நெல்லைப் பல்லில் கடித்து நான் சொன்னதைத்தான் அதுவும் பின்னால் சொல்லும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த மில் ஆபீஸ் சாவியை பெல்ட் பையில் வைத்துக்கொண்டுதான் ஜப்பானுக்குப் போனேன். ஒரே மகனுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை, பன்னிரண்டு வருஷமாக. அவன் அம்மா போன பிறகு வீட்டில் நான் ஒருத்தன்தான். 'வந்து மில்லைப் பார்த்துக்கடா' என்று நேரில் கேட்டு, சாவியை அவன் கையில் வைத்துவிட வேண்டும். அவனிடம் சொன்னதோ, செர்ரிப் பூ பார்க்க வருகிறேன் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பக்கம் ரயிலில் கூட்டிப்போனான். நம்ம டவுன் பஸ்ஸாக இருந்தால் பாபநாசம் வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரருக்கு என் கதை முழுக்கத் தெரிந்திருக்கும். அங்கே பெட்டி நிறைய ஆள், பேச்சு மூச்சில்லை. நான் வாயைத் திறந்தாலே, "மெதுவாப்பா" என்றான். ஏற்கெனவே மெதுவாகத்தான் பேசினேன். அப்புறம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கினால் வயல். தண்ணீர் இன்னும் வரவில்லை, போன அறுப்பின் தாள் காய்ந்து நின்றது. வாய்க்கால் கரை நெடுக மரங்கள், இலையே தெரியாமல் பூ. கீழே பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. பூ அத்தனையும் கொட்டுகிறது. கதிர் பூக்கும்போது இப்படி அடித்தால் பாதி பதர்தானே.

"எல்லாம் கொட்டுதேடா. இந்த வருஷம் காய்ப்பு போச்சு."

அவன் சிரித்தான். "இது காய்க்கிற ஜாதி இல்லப்பா. பூவுக்குன்னே வச்ச மரம். கொட்டுறதைப் பார்க்கத்தான் இவ்வளவு பேரும் வந்திருக்காங்க."

"காய்க்காத மரத்துக்கா இவ்வளவு கரையை விட்டான்? நானா இருந்தா தென்னை வச்சிருப்பேன்."

"வச்சிருப்பீங்க. காய்க்கலைன்னா வெட்டியும் இருப்பீங்க."

நானும் சிரித்தேன். பெல்ட் பையில் கை போனது. கேட்டுவிடலாம் என்றுதான். அதற்குள் அவன் என் தோளில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டு, வயலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டைக் காட்டினான்.

"அதை வாங்கலாம்னு இருக்கேன்ப்பா. எனக்கு இந்த ஊரு பிடிச்சுப்போச்சு. அடுத்த வருஷம் நீங்க வந்தா அங்கதான் தங்கணும்."

கொஞ்ச நேரம் அந்த வீட்டைப் பார்த்தேன்.

"வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்குப்பா."

"அப்ப சரி" என்றேன். கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ஏர்போர்ட்டில் சாவியை எடுத்து டிரேயில் வைக்கச் சொன்னார்கள். போகும்போதும் இப்படித்தான் வைத்தேன். அது உள்ளே போய் அந்தப் பக்கம் வந்ததும், அங்கே நின்ற அதிகாரியிடம், "ரைஸ் மில் சாவிங்க, என் சொந்த மில்லு" என்றேன். தமிழில்தான். அவர் இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.