இரத்தக் காட்டேரிக்குத் தேத்தண்ணி

இன்று டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் அக்காவின் ஐந்து வயது மகள் மீனாவோடு நாடகம் பார்த்தேன். நான் பலமுறை வாசித்துப் பயந்த பழைய காட்டேரி நாவலை, திரையும் ஒளியும் பாட்டுமாகக் குடும்பங்களுக்கென்று மாற்றியிருந்தார்கள்.

யாராவது அழைத்தால்தான் காட்டேரி வீட்டுக்குள் நுழைய முடியும். மேடையில் கதவருகில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று பார்க்க வந்த பிள்ளைகளிடம் கேட்டது.

"வேண்டாம்!" என்று அரங்கமே டேனிஷில் கத்தியது.

வீட்டில் எதற்கும் டேனிஷிலேயே பதில் சொல்லும் மீனா எழுந்து நின்றாள். "ஓம், வாங்கோ! இருங்கோ! தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

காட்டேரி திகைத்துப்போனது.

"பிள்ளை, அது கடிக்குமெல்லோ!" என்று அவளை இழுத்து இருத்தினேன்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வாசலில நிக்கிற ஆளை வேண்டாம் எண்டு சொன்னா அம்மா ஏசுவா, சித்தி."

அந்த நாவலில் எங்களைப் போல ஒரு யாழ்ப்பாண வீடு இருந்திருந்தால், முதல் அத்தியாயத்தைத் தாண்டி யார் மிஞ்சியிருப்பார்கள், சொல்லுங்கள்?