புங்கமரத்துக்கு அடியில் ஒரு வீடு

எங்கள் தெருவில் ஆடு காணாமல் போனால் முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். "மேடம், கொஞ்சம் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுங்களேன். கறுப்பு வெள்ளாடு, ஒரு காது மடங்கியிருக்கும்." நான் பார்ப்பது அந்தந்த நிமிஷத்துப் படம் இல்லை, ஆட்டின் காது அதில் தெரியவும் தெரியாது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். எனக்கு மனசில்லை, அதனால்தான் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் ஆடு தானாக வந்துவிடும். அதையும் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள், நான் செய்யாத வேலையை ஆடே செய்துவிட்ட மாதிரி.

செயற்கைக்கோள் படங்களைப் படித்துச் சொல்வது என் வேலை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பல வருஷம் அதைச் செய்துவிட்டு, இனி யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று தனியாகக் கன்சல்டன்ட் ஆகி, செஞ்சிக்கே திரும்பி வந்தேன். பயிர்க் காப்பீட்டுக்காரர்களுக்கு எந்த வட்டாரம் காய்ந்தது என்று சொல்வேன். நான் கண்ணால் பார்த்திராத ஒரு துறைமுகத்தில் எத்தனை கப்பல் காத்து நிற்கிறது என்று எண்ணிக் கொடுப்பேன். எந்நேரமும் வீட்டிலேயே இருப்பதால், கன்சல்டன்ட் என்றால் வேலை போனவள் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். என் நைனா மட்டும் "எம் பொண்ணு ராக்கெட் டிபார்ட்மெண்டு" என்று டீக்கடையில் சொல்லிவைத்திருக்கிறார். இரண்டையும் திருத்த எனக்குப் பொறுமை கிடையாது.

ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் மென்பொருள் எங்கள் ராஜகிரி மலைச் சரிவில் பெரிய குடியிருப்பு ஒன்று இருப்பதாகக் கண்டுபிடித்து எனக்கு அனுப்பியது. அத்தனையும் பாறை! வெயில் பட்ட பாறை அதன் கண்ணுக்கு மாடி வீடாகத் தெரிந்திருக்கிறது. அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வீடு இருக்கிற இடத்தில் வீடு இல்லை என்று ஒரு படம் என்னிடமே சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

அந்தப் படத்தைத் தேட வைத்த வழக்கைக் கொண்டுவந்தவர் என்னோடு பள்ளியில் படித்தவர், இப்போது ஊரில் வக்கீல். சிங்கவரம் போகிற வழியில் தரிசுப் புறம்போக்கில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். கல்யாணமாகி மாமனார் வீட்டில் இடம் போதாமல், புருஷனும் பெண்டாட்டியுமாக அங்கே ஒரு புங்கமரத்தடியில் குடிசை போட்டார்கள். பிறகு அதுவே ஷீட் வீடு ஆனது. அரசு குறித்த ஒரு தேதிக்கு முன்பே அங்கே குடியிருந்தார்கள் என்று காட்டினால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்கும். காட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும்.

"ரேஷன் கார்டு?" என்றேன்.

"மாமனார் வூட்டு அட்ரஸ்ல இருக்குது."

"கரண்டு பில்?"

"கரண்டே அப்பறம்தான் வந்துது. தாலுகா ஆபீஸ்லர்ந்து ஸ்பாட்டுக்கு வந்து பாத்தவங்களும் காலைல பத்தரை வாக்குல வந்திருக்காங்க. கதவு பூட்டு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்காங்க. குடியிருப்பு இல்லன்னு எழுதிக்கினு போயிட்டாங்க." வக்கீல் என் கணினியைப் பார்த்தார். "இப்ப உன்ன விட்டா வேற சாட்சி இல்ல."

இலவசமாகக் கிடைக்கும் பழைய படங்களை முதலில் பார்த்தேன். அவற்றில் ஒரு புள்ளிக்குள் அந்த வீடு, மரம், வாசல் எல்லாம் அடங்கிப்போகும். ஒன்றுக்கும் ஆகாது. துல்லியமான படங்களைத் தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றின் கிடங்கில் தேடியதில், அந்தத் தேதிக்கு முந்தைய கோடையில் எடுத்த ஒரு படம் இருந்தது. வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காய்ந்த புல்வெளி, ஏரிக்கரை, அதற்கு இந்தப் பக்கம் வட்டமாக ஒரு கரும்பச்சை. அதுதான் அந்தப் புங்கமரம். அதன் அடியில் வீடு இருந்திருக்கலாம், மாட்டுக் கொட்டகை இருந்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். வக்கீலுக்குப் போன் போட்டு, "மரம் மறைக்குது, நான் இன்னும் பாக்கறேன்" என்று சொன்னேன்.

சில நாள் கழித்து, மரத்தின் இடத்தை ஜி.பி.எஸ். கருவி வைத்துக் குறித்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். போனால், மரத்தைக் காணோம்! மேல்மலையனூரில் வேண்டுதல் முடித்த குழந்தைத் தலை மாதிரி மொட்டையாக அடிமரம் மட்டும் நிற்கிறது. கிளைகள் ஒரு ஓரமாகக் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. வீட்டுக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார்.

"வாங்க மேடம். வக்கீல் சார் சொன்னாரு, மரந்தான் மறைக்குதாம் சேட்டலைட்டுக்கு. அதான் எங்கூட்டுக்காரரும் நானுமா வெட்டிட்டோம். இப்ப பளிச்சுன்னு தெரியுமே?"

தலையில் அடித்துக்கொண்டேன். "ஐயோ அக்கா! யாரு வெட்டச் சொன்னது? அது பழைய படம். எப்பவோ எடுத்தது. இப்ப வெட்டினா அதுல எப்படித் தெரியும்?"

கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. குரல் உயர்ந்துவிட்டது. அந்த மரம் ஒன்றுதான் படத்தையும் தரையையும் இணைக்கிற அடையாளம், அதைப் போய் வெட்டிவிட்டீர்களே என்று கத்தினேன். அவர் முந்தானையை முகத்தில் வைத்து அழுதபடி கிளைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். வெயில் நேராக ஷீட் மேல் இறங்கி, வீட்டுக்குள்ளிருந்து அனல் வந்தது. அவ்வளவு காலம் இருந்த நிழலைத் தாங்களே வெட்டிப் போட்டுவிட்டு, அதனால் பிரயோஜனமும் இல்லை என்று கேட்டால் யாருக்குத்தான் தாங்கும்? எனக்குப் பாவமாகிவிட்டது.

கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்த அவர் புருஷன் நிமிர்ந்து கேட்டார். "அப்ப இன்னா பண்றது மேடம்? ஒட்டவா வெக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தம்மாவும் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டார். நல்ல வேளை, அடிமரம் நின்றது. அதன் நடுவைக் கருவியில் குறித்துக்கொண்டேன். அவர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து குறித்த இடத்தைப் பழைய படத்தின் மேல் வைத்தேன். பச்சை வட்டத்தின் நடுவில் சரியாக விழுந்தது. மரம் அதே மரம்தான். ஆனால் மரம் இருந்தால் வீடு இருந்தது என்று ஆகிவிடுமா? எரிச்சலாக வந்தது. மரத்தையே முறைத்துக்கொண்டிருந்தவள், அலுத்துப்போய்ச் சுற்றியிருந்த புல்வெளியைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. வெளிறிப்போன மெல்லிய கோடு ஒன்று.

ஒற்றையடிப் பாதை. ஏரிக்கரையோரம் அடிபம்பு இருந்த இடத்தில் ஆரம்பித்து, புல்வெளியில் வந்து, புங்கமரத்துக்குள் போய் முடிந்துவிட்டது. மரத்தின் மறுபக்கம் ஒன்றுமில்லை. மாடு நிழலுக்குப் போய் உண்டாக்கிய தடம் என்றால் பல கோடுகளாகப் பிரிந்து கிடக்கும். இது ஒரே கோடு. தினமும், ஒரே இடத்துக்கு, யாரோ போய் வந்தால்தான் புல் இப்படிச் சாகும். அந்தச் சந்தோஷத்தில் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

பிறகுதான் ஒன்று உறுத்தியது. அந்தக் கோடு நேராக இல்லை. பாதி வழி நேராக வந்து, வெட்டவெளியில் காரணமே இல்லாமல் வலது பக்கம் வளைந்து, மறுபடி பழைய திசைக்கு வந்தது. அங்கே படத்தில் புதர் மாதிரி ஏதோ மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். தண்ணீர்க் குடத்தோடு வருகிறவர் எதற்குச் சுற்ற வேண்டும்? இந்தக் கேள்வியை விசாரணையில் கேட்டால் என்ன சொல்வது? இப்போது போய்ப் பார்க்கவும் வழியில்லை. தெருக்குழாய் வந்தபிறகு அந்த அடிபம்பு துருப்பிடித்து, இடமே வேலிக்காத்தான் முள் மண்டிப்போய்க் கிடக்கிறது.

"அந்தம்மாகிட்ட படத்தக் காட்டிக் கேட்டுடலாமே?" என்றார் வக்கீல்.

"காட்டினா உன் கேஸ் போச்சு வக்கீலே. சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கினு வந்தோம்னு ஆயிடும். அவங்க தானா சொல்லட்டும்."

"சொல்லலன்னா?"

எனக்கும் அதுதான் பயம். ஆனாலும் காட்டவில்லை. இருப்பதை மட்டும் சொல்பவள் என்று என் தொழிலில் சம்பாதித்தது அந்த ஒரு பெயர்தான், அதை விட்டுவிட்டால் நானும் பாறையை வீடு என்கிற மென்பொருளும் ஒன்றுதான்.

விசாரணை நாள் வந்தது. விசாரித்த வருவாய்த்துறை அதிகாரி நிதானமானவர். என் அறிக்கையையும் படத்தையும் முன்னால் வைத்துக்கொண்டார். மரம் எங்கே போனது என்றுதான் முதல் கேள்வி. "சேட்டலைட்டுக்குத் தெரியட்டும்னு வெட்டிட்டோம் சார்" என்று அந்தம்மா சொன்னதும் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அடிமரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"அங்க வந்த புதுசுல தண்ணிக்கு எங்கம்மா போவீங்க?"

"அடிபம்புக்குத்தான் சார். ஏரிக்கரை ஓரமா இருந்துச்சே."

"எப்படிப் போவீங்க? வழி சொல்லுங்க."

"வழி இன்னா சார் வழி. நேராத்தான் போவேன்."

வக்கீல் மேஜைக்கு அடியில் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறிட்டுப் பார்த்தால் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

"நேரான்னா, கோடு போட்ட மாதிரி நேராவா?" என்றார் அதிகாரி.

"புத்து வரிக்கும் நேரா சார். நடுவுல பாம்புப் புத்து ஒண்ணு இருக்குதே, அதுக்கு மேலயா நடப்பாங்க? அம்மன் இருக்கற இடமாச்சே. வெறுங்குடத்தோட போறப்ப அத சோத்தாங்கை பக்கம் வுட்டுச் சுத்தி இந்தாண்ட வருவேன். வெள்ளிக்கெழம ஆனா ஒரு சொம்பு தண்ணி அதுக்கும் ஊத்துவேன். பெரியவன் வயித்துல இருக்கும்போது ஒரு தபா அங்கயே வழுக்கி வுழுந்துட்டேன் சார், கொடம் நசுங்கிப்போச்சு..."

அவர் பேசிக்கொண்டே போனார். அதிகாரியின் விரல் படத்தின் மேல் மரத்திலிருந்து மெதுவாக நகர்ந்து, வளைவு வந்த இடத்தில் நின்றது. என் கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஆள் அனுப்பி அந்த இடத்தில் வேலிக்காத்தானை வெட்டிப் பார்த்தார்கள். மழையில் கரைந்து பாதி உயரமாகிவிட்ட புற்று, படத்தில் வளைவு இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் அடியில் உடைந்த கண்ணாடி வளையல்கள்கூடக் கிடந்தனவாம். அதன் பிறகு காகிதங்கள் நகர்ந்த வேகத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மறுபடி கோபம் வரும். எப்படியோ, பட்டா வந்தது.

வந்த வாரமே அந்தம்மா ஒரு பை நிறைய மல்லாட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மரம் துளிர்விட்டிருக்கிறது, மதியத்தில் இன்னும் உள்ளே உட்கார முடியவில்லை, வரும் கோடைக்குள் கொஞ்சம் அடர்ந்துவிடும் என்றார். பிறகு, "அந்தப் படத்த நான் இன்னும் பாக்கவே இல்லியே மேடம்" என்றார்.

திரையில் போட்டுக் காட்டினேன். பச்சை வட்டத்தை விரலால் தொட்டு, "எம்மாம் பெரிசா இருந்துருக்குது பாரு" என்றார். பாதையை அவருக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவரே கண்டுபிடித்து, அடிபம்புவரை விரலை ஓட்டிக்கொண்டு போனார். புற்று வந்த இடத்தில் விரல் தானாகச் சுற்றிக்கொண்டது. போன விரல் அதே வழியில் திரும்பி வந்தது.

"இதுல நான் எங்க இருக்கறேன்?"

"ஆளு தெரியாதுக்கா. அவ்வளவு உசரத்துலர்ந்து எடுக்கறது."

"வாசல்ல நின்னுருந்தாகூடவா?"

"நின்னிருந்தாலும் ஒரு பொட்டு மாதிரிகூடத் தெரியாது."

அவருக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. நாற்காலியை இழுத்து இன்னும் கிட்டே உட்கார்ந்து, மரத்தைச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தார்.

"இத எந்நேரத்துக்கு எடுத்தாங்க மேடம்?"

"காலைல பத்தரைக்கு. நம்ம ஊருக்கு மேல இந்த சேட்டலைட்டு எப்பவும் அந்நேரத்துக்குத்தான் வரும்."

அவர் திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "பூட்டப் பாத்துட்டுப் போனவங்க மாதிரி இதுவும் பத்தரைக்குத்தானா?"

"ஆமாக்கா."

"பத்தரைக்கு யாரு மேடம் வூட்ல இருப்பா? நான் மல்லாட்டை புடுங்கப் போயிருப்பேன், அவரு கல்லு வேலைக்குப் போயிருப்பாரு." காலிப் பையை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார். "ஒரு நாளு சாயங்காலமா வரச் சொல்லுங்க. எல்லாரும் இருப்போம்."