கலீல் பாயின் ஒன்ஸ்மோர்

இரண்டு மிளகு, ஒரு துண்டு பனங்கற்கண்டு. வாயில் ஒதுக்கிக்கொண்டு கலீல் பாய் தொண்டையைப் பதப்படுத்துகிறார். பாடப்போவது மேடையில் இருப்பவர்கள். தேவர் ஹால் முன்வரிசை பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று ஒரு சத்தம் கொடுப்பதுதான் பாயின் பங்கு. அதற்குத்தான் இத்தனை சாதகம்.

அந்தச் சத்தத்துக்கு நாடகக்காரர்களிடம் தனி மரியாதை. பாய் கேட்டுவிட்டால் காடேறிய ராணி திரும்பி வந்து பாடிவிட்டு மறுபடி காடேறுவாள். செத்த ராஜா எழுந்து பாடிவிட்டு, முறையாக இன்னொரு தடவை சாவார். யமனுக்கு மேலே அப்பீல் கோர்ட்டு ஒன்று திருச்சியில் நடப்பது வக்கீல்களுக்கே தெரியாது. முதல் குரல் பாயுடையதாக இருக்க வேண்டும், மற்றவர்கள் பின்பாட்டு.

ஆனால் லேசில் கிடைக்காது. சின்னக்கடை வீதியில் குடைக்கடை வைத்திருக்கிறார். வாங்க வந்தவரிடமே, "இது தூறலுக்குத் தாங்கும், மழைக்கு வேற பாருங்க" என்று சொல்லி அனுப்புகிற வியாபாரி. சொந்த மச்சான் ஆர்மோனியம் வாசித்த நாடகத்துக்கும் அவர் வாய் திறக்கவில்லை. அதற்காக வீட்டில் சில நாள் சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் உப்பில்லாமல் சாப்பிட்டார்.

இந்த நாணயம்தான் போன சனிக்கிழமை அவரை மாட்டிவிட்டது. சினிமா வந்த பிறகு உப்பிலியபுரத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருந்த ராஜபார்ட் வீரமலையை நச்சரித்து, பழைய நாடகத்துக்கு மறுபடி ராஜா வேஷம் கட்ட இழுத்து வந்தவரே பாய்தான். அரிதாரம் பூசும்போதே வீரமலை சொல்லிவிட்டார்: "ஒரு ஒன்ஸ்மோராவது விழணும் பாய். விழலைன்னா தொண்டை போயிடுச்சுன்னு அர்த்தம். காலையில முதல் பஸ்ஸுல வெங்காயக் காட்டுக்கே போயிடுவேன்."

முதல் பாட்டு கரகரத்தது. அடுத்ததில் மேல் ஸ்தாயிக்குக் கிளம்பிய குரல் பாதி வழியில் இறங்கிக்கொண்டது. பெஞ்சே பாயைப் பார்த்தது. பாய் கூரையைப் பார்த்தார்.

"என்ன பாய், மௌன விரதமா? ஒண்ணு போட்டு வையுமேன்! மனுஷன் மூஞ்சியப் பாரும், பாவமா இருக்கு" என்றார் பக்கத்திலிருந்த ஸ்ரீரங்கம் சௌரிராஜன்.

"நீங்க போடுங்க சாமி."

"நான் கத்தினா எவன் மதிப்பான்?"

"பொய்யாப் போட்டா என்னையும் எவனும் மதிக்க மாட்டான். அவரே மதிக்க மாட்டாரு. ஞானஸ்தன், கண்டுபிடிச்சுடுவாரு."

கடைசிக் காட்சி. அம்பு பட்ட ராஜா, தன் மகன் மடியில் சாய்ந்தார். இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது என்று துணிந்தாரோ, சூடேற இவ்வளவு நேரம் ஆயிற்றோ, தொண்டை திறந்துகொண்டது. படிப்படியாக ஏறி, மலைக்கோட்டை உச்சியில் நின்று காவிரியைப் பார்ப்பவர் மாதிரி சாவகாசமாக நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கினார். கோலி சோடாவை உடைக்கப் போனவர் கட்டை விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ராஜா செத்தார்.

சபை பாயின் குரலுக்குக் காத்திருந்தது. பாய் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"போடும் ஓய்!" சௌரிராஜன் தொடையில் கிள்ளினார்.

திரை இறங்கத் தொடங்கியது. மேடையில் கிடந்த பிணம் மெல்ல ஒரு கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்தது.

கலீல் பாய் பெஞ்சின் மேல் ஏறி நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஒற்றை விரலைக் காட்டினார்.